யூதாஸின் காலையும் கழுவிய நாள்

நேற்று போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் என்று நினைத்து நீ உன் அப்பாவைத் திரும்பத் திரும்ப அழைத்ததாகக் கேள்விப்பட்டேன். கோபம் இல்லை. வாயால் பேசுவது எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் தவளையின் இரத்த ஓட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசுகிறவள், வீட்டில் மகனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் மேசையும் காகிதமும் தேடுகிறேன். ஆகவே இந்தக் கடிதம். நீண்டுதான் போகும். மஸ்கட்டில் உனக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைதானே, அன்று படி.

நீ சொன்னது ஒரே வரி. லூர்து சித்தப்பா உன் கல்யாணத்துக்கு வரக் கூடாது, வந்தால் நீ மேடை ஏற மாட்டாய். தவக்காலத்தில் இந்தக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்றும், அதற்குக் காரணம் அவர்தான் என்றும் உன் அத்தை மகள் மெர்சி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். "கூடவே இருந்த யூதாஸ்" என்று நீ சொன்னாய். மெர்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய வியாழன் சாயங்காலம் ஆவடியில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது தெரியாமல் நீ முடிவெடுக்கக் கூடாது. தவிர, யூதாஸ் என்ற பெயரை நீ யாருக்கு வைப்பதானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இந்த வருடம் அந்த வேடம் எனக்குத்தான் வந்தது.

கோயில் பக்கம் போகாத அம்மா பெரிய வியாழனின் பொருளைப் பற்றி எழுதப்போகிறாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் கோயிலுக்கு எதிரி இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவேன், தூண் ஓரமாக நிற்பேன், பாட்டு நன்றாக இருந்தால் கேட்பேன். விசுவாச அறிக்கை சொல்லும் நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். எனக்குச் சந்தேகம் உள்ள ஒன்றை எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்வது, செய்யாத பரிசோதனைக்கு முடிவு எழுதுவது போல எனக்குப் படும். உன் அப்பா இதைக் கல்யாணமான முதல் மாதத்திலேயே கவனித்தார். "ஏம்மா, உதட்டையாவது அசைக்கக் கூடாதா?" என்றார். அசைக்கவில்லை. அதோடு விட்டுவிட்டார். நல்ல மனிதர்கள் சில விஷயங்களை விட்டுவிடுவார்கள். பிரின்சியோடு வாழப்போகிற நீ முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

இனி சித்தப்பாவின் வாய். அந்த வாயைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதன் நிழலில் வளர்ந்தவன் நீ. ஆனாலும் நீ பிறப்பதற்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. நான் கர்ப்பமாக இருப்பது எனக்கு உறுதியான அன்று, பரிசோதனைக் கூடத்து வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். உன் அப்பா தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டில் இருந்தார். அவர் வீடு திரும்பியதும் சொல்லலாம் என்று நான் பாயசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பாவின் கையில் ஏற்கெனவே இரண்டு லட்டு இருந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் செக்யூரிட்டி கொடுத்து வாழ்த்தினாராம். நான் அழுதேன். லூர்து வந்து, "இன்னா அண்ணி, நல்ல சேதியைப் போயி மூடி வெப்பாங்களா, ஆறிப்பூடாது?" என்றார். நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் எடுத்த மதிப்பெண்ணை அம்பத்தூர் வரைக்கும் கொண்டுபோனதும் அந்த வாய்தான். உனக்கு டெங்கு வந்து மூன்றாம் நாள் இரத்தம் தேவைப்பட்டபோது, அவர் வேலை செய்யும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்ததும் அதே வாய்தான். எனக்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அவருக்கு வந்தது.

நீ பெண் பார்த்துவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, தவக்காலத்தின் நடுவில், சித்தப்பா சென்னீர்குப்பம் பக்கம் ஏதோ வேலையாகப் போயிருக்கிறார். போகிற வழியில் பிரின்சியின் வீட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அவரைப் பெண் பார்க்க நாம் அழைத்துப் போகவில்லை என்ற வருத்தம் அவருக்கு உண்டு. அங்கே காபி குடித்தார். குடித்துவிட்டு, "எங்க அண்ணி பெரிய படிப்பு. கோயிலுக்கெல்லாம் வர மாட்டாங்க. நற்கருணைகூட வாங்க மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். பிரின்சியின் அப்பாவை உனக்குத் தெரியும். வருடா வருடம் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர். டயர் கடையில்கூட மாதா படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறவர். மறுநாள் உன் அப்பாவுக்குப் போன் வந்தது. "ஈஸ்டர் முடியட்டும் சம்பந்தி, நாங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்." யோசிச்சு என்ற சொல்லைக் கேட்டதும் உன் அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே நாற்காலி இல்லை.

உனக்கு நாங்கள் சொல்லவில்லை. நீ அங்கிருந்து என்ன செய்ய முடியும்? நான் சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். நான் சாதாரணமாகவே குறைவாகப் பேசுவதால் அவருக்கு அது தெரிய ஒரு வாரமாயிற்று. தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, "அண்ணி, நான் உண்மையைத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். உண்மைதான். அதுதான் என் தொல்லை. பொய் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம். உண்மையைச் சொல்லிக் கெடுத்தவனை என்ன செய்வது என்று நான் படித்த எதிலும் இல்லை.

உன் அப்பா ஒரு திட்டம் போட்டார். அவர் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் எண்ணெய் விட்டுப் பார்ப்பவர். நமது பங்கில் பெரிய வியாழனன்று பங்குக் குடும்பங்களைப் பிரித்த பன்னிரண்டு அன்பியத்திலிருந்தும் ஒவ்வொருவர் உட்கார, பங்குத்தந்தை அவர்கள் காலைக் கழுவுவார் அல்லவா, இந்த வருடம் பெண்களும் உட்காரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நம் அன்பியத்தின் சார்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு என்னிடம் கேட்டார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. உதட்டைக்கூட அசைக்க வேணாம். காலை மட்டும் நீட்டு. அவங்க குடும்பத்தோட வந்து பாக்கட்டும்."

நான் நேராகப் பங்குத்தந்தையிடம் போனேன். இளைஞர், உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். "ஃபாதர், எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது, இது சரியாக வராது" என்றேன். அவர் ஏதோ மின்கட்டண ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "காலுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "அப்ப காலை அனுப்புங்க, கூட நீங்களும் வந்தா போதும்" என்றார். இப்படிப் பேசுகிறவர்களோடு வாதம் செய்வது கடினம்.

குருத்தோலை ஞாயிறு திருப்பலி முடிந்து சீட்டுக் குலுக்கினார்கள். நம் பங்கின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு பேரும் தோளிலிருந்து குறுக்காக ஒரு பட்டை அணிவார்கள், அதில் திருத்தூதரின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். பெரும்பாலான ஊர்களில் யூதாஸை விட்டுவிட்டு, பின்னால் அவன் இடத்துக்கு வந்த மத்தியாவைச் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே முன்பிருந்த ஒரு பங்குத்தந்தை எதிலும் கறாரானவர். அன்று ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய அறையில் யார் இருந்தார்களோ அவர்கள்தான் இங்கேயும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாதா சபைப் பெண்கள் பட்டை தைத்தார்கள். பதினொன்று சிவப்பு வெல்வெட். யூதாஸுக்குச் சிவப்பில் தைக்க அவர்களுக்குக் கை வரவில்லை, கறுப்பில் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கறுப்புப் பட்டை யாருக்கு வருகிறதோ அந்த அன்பியத்துக்கு வருடம் முழுவதும் கேலிதான். ஒருவர் காய்ச்சல் என்று சால்வை போர்த்தி அதை மறைத்தார். இன்னொருவர் எழுத்தின் மேல் தோமா என்று காகிதம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருடம் நம் பங்கில் இரண்டு தோமாக்கள்.

சித்தப்பா அவருடைய அன்பியத்துக்காகச் சீட்டு எடுத்தார். யோவான், அன்புச் சீடர். எனக்கு எது வந்தது என்று முன்பே சொல்லிவிட்டேன். உன் அப்பா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே விளக்கைப் பார்த்தார். "திரும்பக் குலுக்கலாமா ஃபாதர்?" என்று மெதுவாகக் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்பக் குலுக்கினால் அதற்குப் பெயர் குலுக்கல் இல்லை.

அந்த வாரம் ஆவடியில் நடந்த கால் பராமரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். கால் கழுவும் சடங்குக்காகப் பன்னிரண்டு பேரும் காலைக் கழுவ ஆரம்பித்தார்கள். நம் தெருவில் பேதுரு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிலிப்பு நகம் வெட்டும்போது சதையையும் வெட்டிக்கொண்டு கட்டுப் போட்டுவந்தார். உன் அப்பா எனக்குப் பித்தவெடிப்புக் களிம்பும் தேய்க்கிற கல்லும் வாங்கிவந்து, விடைத்தாள் திருத்துகிற மேசையின் மேல் வைத்தார். சித்தப்பா எல்லோரையும் மிஞ்சினார். பார்லருக்குப் போய்விட்டார். அதைப் பற்றி வாசலில் நின்று உன் அப்பாவிடம், என் காதில் விழும்படி, விளக்கினார்: "அண்ணே, காலுக்கு மட்டும் முக்கா மணி நேரம். அந்தப் பொண்ணு பிரஷ்ஷு போட்டுத் தேய்க்கிது, இன்னமோ பூ வாசன கிரீம் போடுது. இப்ப என் காலைப் பாத்தா எனக்கே யார் காலு இதுன்னு கீது. நம்ம கால வெச்சிகினு நடக்கவே மனசு வரலண்ணே."

இதைப் பார்த்தபோதுதான் முதல்முறையாக அந்தத் திருநாளைப் பற்றி எனக்கு யோசனை ஓடியது. பாதத்தில் இருபத்தாறு எலும்புகள் இருக்கின்றன என்று நான் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கடைசியாகக் காட்டுகிற உறுப்பு அது என்று எந்தப் பாடநூலிலும் போடவில்லை. முகத்தைக் காட்டுவோம், கையைக் கொடுப்போம். வெடித்த குதிகாலை மட்டும் புடவைக்குள் இழுத்துக்கொள்வோம். அன்று அந்த அறையில் நுழைந்தவர்கள் தெருப்புழுதியோடு நுழைந்தார்கள். அதனால்தான் பேதுரு தன் காலைத் தொட விடாமல் மறுத்தார். பணிவு என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கென்னவோ வெட்கம் என்றுதான் படுகிறது. நாம் இப்போது அந்த வெட்கத்தை வீட்டிலேயே கழுவித் துடைத்துவிட்டு, மீதியைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம்.

நானும் கழுவிக்கொண்டு போவதாகத்தான் இருந்தேன். வியாழனன்று கல்லூரியில் செய்முறைத் தேர்வு. மூன்று மணிக்கு முடிய வேண்டியது, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு கரப்பானையும் தனித்தனியாக விசாரித்ததில் ஐந்தைத் தாண்டிவிட்டது. மின்சார ரயிலும் தாமதம். ஆவடியில் இறங்கும்போது பூசைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. வீட்டுக்குப் போக வழியில்லை. உன் அப்பா பதற்றத்தில் சித்தப்பாவை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கால் தெரியும்படி புதுச் செருப்பு. "பைக்ல ஏறுங்க அண்ணி" என்றார். நான் ஏறினேன்.

முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. கோயில் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டு மாதக்கணக்காகிறது. ஓரமாக ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் வழி, இரண்டு பக்கமும் கறுப்புச் சேறு. நடுவில் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. சித்தப்பா பிரேக் போட்டார். பிரேக் போட்டால் மனிதன் காலை ஊன்ற வேண்டும். அவர் கீழே பார்த்தார், சேற்றைப் பார்த்தார், முக்கால் மணி நேரத்துக் காலைப் பார்த்தார். ஊன்றவில்லை. இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். வண்டி சாய்ந்தது. ஊன்றுவதற்கு மீதி இருந்தது என் கால் மட்டும். வலது கால், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை போயிற்று.

"அண்ணி," என்றார் சித்தப்பா, காலை இன்னும் தூக்கியபடியே, "தப்பாயிடுச்சி."

இரண்டு வாரத்தில் நான் அவரிடம் பேசிய முதல் சொற்கள்: "வண்டியைப் பிடி."

கோயில் குழாயில் தண்ணீர் வரவில்லை. புடவைக் கரையைப் பிழிந்துவிட்டேன், காலைக் கையால் வழித்தேன். சேறு பரவியதே தவிரப் போகவில்லை. மணி அடித்துவிட்டார்கள். பூசை ஆடை அறையில் பதினொரு பேர் சிவப்புப் பட்டையோடு மணத்துக்கொண்டு நின்றார்கள். என் பட்டை ஆணியில் தனியாகத் தொங்கியது. எடுக்கப் போனபோது சித்தப்பா பக்கத்தில் வந்து, தன் பட்டையைக் கழற்றி நீட்டினார்.

"குடுங்க அண்ணி, மாத்திக்கலாம். நீங்க யோவானா இருங்க. அவங்க ஊட்லருந்து வந்து மூணாவது பெஞ்சில குந்திகினு கீறாங்க."

"சீட்டில எனக்கு வந்தது இதுதான்" என்றேன்.

"பரவால்ல அண்ணி. எனக்கு இன்னா, ஊர்ல எல்லாரும் ரெண்டு வாரமா என்னை அப்பிடித்தானே சொல்லிகினு கீறாங்க. போட்டுகினா ஒண்ணும் புதுசா ஆவாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பட்டையை நீட்டிய கை இறங்கவே இல்லை. உனக்கே தெரியும், நான் சந்தேகக்காரி, எல்லாவற்றையும் இரண்டு முறை பார்ப்பவள். அவர் பிரின்சி வீட்டில் அதைப் பெருமைக்குச் சொன்னாரா, நாம் அழைத்துப் போகாத கடுப்பில் சொன்னாரா என்று இரண்டு வாரமாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அந்தக் கறுப்புத் துணியை நான் அவர் தோளில் போட்டால், அது வெறும் வேடமாக இருக்காது. எடுத்து என் தோளிலேயே மாட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாற்காலி, மக்களைப் பார்த்து. நான் கடைசி. மூன்றாவது வரிசையில் பிரின்சியின் அப்பா, அம்மா, பாப்பம்மா என்ற ஒரு பெரியம்மா. அந்தப் பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்து என் மார்பில் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படித்து, பக்கத்தில் திரும்பி ஏதோ கேட்டாள். பிரின்சியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தூண் ஓரத்தில், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், உன் அப்பா நின்று செபமாலையைப் பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பங்குத்தந்தை மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டி, முழந்தாளிட்டு ஒவ்வொருவராக வந்தார். சட்டைக் காலரில் மைக் இருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை. பதினொரு காலுக்கும் கொஞ்சம் தண்ணீர், ஒரு துடைப்பு, ஒரு முத்தம். பேசின் பாத்திரத்திலிருந்த தண்ணீர் அப்போதும் குடிக்கிற மாதிரி இருந்தது. சித்தப்பாவின் காலருகே வந்தபோது அவரே ஒரு நொடி நின்று மோந்துபார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் இடது காலை நீட்டினேன்.

"வலது கால்மா" என்று அவர் கிசுகிசுத்தது கோயில் முழுவதும் கேட்டது.

"இடது போதும் ஃபாதர்." அதுவும் கேட்டது.

"எல்லாருக்கும் வலதுதாம்மா."

"வலது சரியில்ல ஃபாதர்."

"சரியில்லாட்டித்தான் கழுவணும்."

கோயிலில் யாரோ இருமினார்கள். நான் புடவையைக் கொஞ்சம் தூக்கி வலது காலை வைத்தேன். பேசினைப் பிடித்திருந்த பீடச் சிறுமி "ஐயையோ" என்றாள், அதுவும் மைக்கில்.

அவர் தண்ணீரை ஊற்றினார். பேசின் கறுத்தது. இன்னொரு கூஜா கொண்டுவரச் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, விரலிடுக்கில் விரலை விட்டு, குதிகாலில் கட்டைவிரலால் தேய்த்து, பாத்திரம் கழுவுகிறவர் போலக் கழுவினார். பாடகர்கள் பாட்டை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை என்று தெரிந்ததும் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அப்போது குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். என் மார்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சேறு எங்கே இன்னும் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடவுள் இருக்கிறார் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை, தோன்றியதாக எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். ஆனால் அந்தக் கதையில் ஒன்று புரிந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்று தெரிந்தே ஆண்டவர் கழுவ உட்கார்ந்தார். பன்னிரண்டு பேரில் ஒருவனை விட்டுவிட்டதாக எங்கும் இல்லை. இவனுக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவு என்றும் இல்லை. அவன் மனம் மாறவும் இல்லை, எழுந்து போய்ச் செய்ய நினைத்ததைச் செய்தான். கழுவியது வீண்தான், விளைவைக் கணக்கெடுத்தால். அதைத் தெரிந்துகொண்டே கழுவியதுதான் அந்த நாளின் பொருள் என்று எனக்குப் படுகிறது. மற்ற எல்லாவற்றையும் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இதைப் பற்றி இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பன் கொடுத்தார்கள். நான் பன்னைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிரின்சியின் அப்பா நேரே வந்தார். கண் சிவந்திருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"சம்பந்தியம்மா, மன்னிச்சிருங்க. உங்களைத் தப்பா நெனச்சிட்டோம். எங்கருந்து நடந்து வந்தீங்க?"

எனக்குப் புரியவில்லை. உன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நான் வெறுங்காலோடு நேர்ந்துகொண்டு நடந்து வந்ததாக அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவருக்குச் சேற்றுக் கால் என்றால் ஒரே அர்த்தம்தான். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாண மண்டபம், பந்தி, பேரப்பிள்ளை எல்லாம் இருந்தன. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது எனக்குப் பழக்கமான வேலையும்கூட.

ஆனால் தம்பி, என்னால் முடியவில்லை. "நடந்து வரலைங்க. பைக்ல வந்தேன். சாக்கடைப் பள்ளத்துல கால் விட்டுட்டேன்" என்றேன். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிரின்சியின் அப்பா என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது சித்தப்பா பன்னை மென்றுகொண்டே குறுக்கே வந்தார்.

"பாத்தியாண்ணாத்தே? அன்னிக்கே உங்க ஊட்ல சொன்னேனா இல்லியா? எங்க அண்ணிக்குப் பொய்யி வராது. உள்ள நம்பாம வெளிய கும்புட மாட்டாங்க, அதான் கோயிலுக்கே வர மாட்டாங்கன்னு. எழுந்து உள்ள போயிட்டியே நீ, பாதியில."

பிரின்சியின் அப்பா தலையைச் சொறிந்தார். "கடையில இருந்து போன் வந்துச்சு" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நின்று நின்று சிரித்தார். "சாக்கடையா?" என்று மறுபடி கேட்டுச் சிரித்தார். அந்தப் பெரியம்மாவைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தார். "இவ்வளவு பேர் முன்னாடி வேணும்னா நேர்த்திக்கடன்னு சொல்லியிருக்கலாமே நீங்க" என்றார். "என் பொண்ணு இந்த ஊட்டுக்கு வரட்டும்மா. மாமியார் என்ன நெனைக்கிறாங்கன்னு அவ தேட வேண்டியதில்ல."

இதுதான் நடந்தது. சித்தப்பா அன்று முழு வாக்கியத்தையும் சொன்னாரா, இல்லை கோயில் வாசலில்தான் மீதியைச் சேர்த்தாரா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. கொஞ்சம் கடுப்பும் இருந்திருக்கும். தம்பி கல்யாணத்தில் அண்ணன் கடுப்பில்லாமல், அண்ணன் மகன் கல்யாணத்தில் சித்தப்பா கடுப்பில்லாமல் ஒரு குடும்பத்தை நீ காட்டு, நான் அடுத்த ஞாயிறே விசுவாச அறிக்கை சொல்கிறேன். அவர் மனம் சுத்தமா என்று நிரூபித்துவிட்டுத்தான் பத்திரிகை கொடுப்பது என்றால், பிரின்சியோடு உனக்கும் முதல் மாதமே சிக்கல் வரும். அவளும் ஒருநாள் உன்னைப் பற்றிய உண்மை ஒன்றைத் தப்பான இடத்தில் சொல்வாள். நீயும் சொல்வாய். அன்று யார் முதலில் தண்ணீர் எடுத்துவருவது என்பதுதான் கேள்வியாக இருக்கும், யார் மேல் தவறு என்பது இல்லை.

போன வாரம் நானும் அப்பாவும் பத்திரிகையோடு அவர் வீட்டுக்குப் போனோம். தட்டில் பழம், பூ எல்லாம் முறையாக வைத்திருந்தேன். அவர் வாங்கவில்லை. "நீங்க குடுத்தா ஊர்ல நாலு பேருக்குக் குடுக்கற மாதிரி ஆயிடும் அண்ணி. பையன் வந்து குடுக்கட்டும், வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மெர்சியின் மூலமாக உன் முடிவு அவருக்கு எட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காபி கொடுத்தார், கிரிக்கெட் பேசினார்.

இது உன் கல்யாணம். யார் வர வேண்டும் என்று நான் உத்தரவு போட மாட்டேன். நீ வரப்போகும் தேதி அவருக்குத் தெரியும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் உன் சித்தி நேற்று என்னிடம் சொன்னாள். இப்போதெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் கைலி கட்டுவதில்லையாம். குளித்து, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, படுக்கப் போகிற வரைக்கும் அப்படியே இருக்கிறாராம். ஏன் என்று கேட்டால், "பையன் லீவு முன்னாடியே கெடச்சி வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்கிறாராம்.